ஊசி குத்தியது உண்மை, பதிவேட்டில் ‘இல்லை’! ஆஸ்பத்திரி ஊழியர்களின் நஷ்டஈடு நழுவுவது எப்படி?

சென்னை நகரில் பெரிய ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம், தெருமுனை லேப் என்று எதை எடுத்துக்கொண்டாலும் விடிந்தால் முதல் வேலை ஊசிதான். ரத்தம் எடுக்க ஒரு ஊசி. மருந்து ஏற்ற ஒரு ஊசி. சர்க்கரை பார்க்க ஒரு குத்து. அப்படி நோயாளிக்குக் குத்திய ஊசி சில நேரம் நர்சின் விரலிலும் குத்திவிடுகிறது.

வருவது ஒரு சொட்டு ரத்தம். கையைக் கழுவிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். டியூட்டி முடிந்து பஸ் பிடிக்கும்போது அது மறந்தே போகிறது.

அந்த ஒரு சொட்டு ரத்தத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நஷ்டஈடு இருக்கிறது. நோய் வராமல் தடுக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் இவை கைக்கு வர வேண்டுமானால் ஒரு சின்ன வேலை நடந்திருக்க வேண்டும். குத்திய அன்றே அதை எழுதி வைத்திருக்க வேண்டும்.

அதுதான் நடப்பதில்லை!

புதுச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

2025-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மத்திய அரசு 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் பி.எப்., கிராஜூட்டி, வேலை நேரம் என்றுதான் எங்கும் பேச்சு. வெள்ளைக்காரன் காலத்தில் 1923-ல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும், 1948-ல் வந்த இ.எஸ்.ஐ. சட்டமும் இதில் ஒரு தொகுப்புக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. ‘சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020’ என்பது அதன் பெயர்.

அந்தத் தொகுப்பின் கடைசியில் அட்டவணைகள் இருக்கின்றன. 3-வது அட்டவணை, தொழிலால் வரும் நோய்களின் பட்டியல். சுரங்கத்து நுரையீரல் நோய், ஈய விஷம், பருத்தித் தூசி என்று நீளுகிறது. ஆனால் பட்டியலின் முதல் இடத்தில் இருப்பது சுரங்கம் அல்ல, ஆஸ்பத்திரி!

தொற்று அபாயம் உள்ள வேலையில் பிடித்துக்கொள்ளும் தொற்று நோய்கள் என்று அது தொடங்குகிறது. எந்த வேலை என்பதற்கு முதலில் சொல்லப்படுவது மருத்துவ வேலையும் லேப் வேலையும்தான். பழைய 1923 சட்டத்திலும் இதே வரி இருந்தது.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. நோய்களை 3 பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். 2-வது பிரிவில் உள்ள நோய் என்றால், தொழிலாளி அந்த முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரித் தொற்று இருப்பது முதல் பிரிவில். அதற்கு இந்த 6 மாதக் கணக்கு கிடையாது. நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் பொருந்தும்.

அதற்கும் மேலே ஒன்று. அந்த நோய் அந்த வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘வேலையால் வரவில்லை’ என்று முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். தொழிலாளி பக்கம் இவ்வளவு சாய்ந்து நிற்கும் சட்டம் அபூர்வம்.

அப்புறம் ஏன் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்கள் இல்லை?

முதலாளியின் வக்கீல் கேட்கும் 3 கேள்வி

கட்டடத்தில் இருந்து கொத்தனார் விழுந்தால் நாலு பேர் பார்க்கிறார்கள். ஆம்புலன்ஸ் வருகிறது. போலீஸ் வருகிறது. மில்லில் கை போனால் கையே சாட்சி.

ஊசி குத்தினால் சாட்சி கிடையாது. காயம் இரண்டு நாளில் மறைந்துவிடும். உள்ளே போன கிருமி சத்தம் போடாது. ஹெபடைடிஸ் ‘சி’ என்ற கல்லீரல் நோய்க் கிருமி பல வருஷம் உடம்பில் குடியிருந்தாலும் ஆளுக்குத் தெரியாது. ரத்த தானம் செய்யப் போகும்போதோ, ஆபரேஷனுக்கு முன்னால் டெஸ்ட் எடுக்கும்போதோதான் வெளிச்சத்துக்கு வரும்.

2018-ல் ஒரு லேப் பெண்ணுக்கு ஊசி குத்தியது என்று வைத்துக்கொள்வோம். எங்கும் எழுதவில்லை. 2026-ல் கல்லீரல் கெட்டிருப்பது தெரிகிறது. நஷ்டஈடு கேட்டுப் போகிறார். எதிர்த் தரப்பு வக்கீல் மூன்றே கேள்வி கேட்பார்.

‘‘ஊசி குத்தியதற்கு என்ன ஆதாரம்? அது யாருக்குப் போட்ட ஊசி? அதற்கு முந்தின நாள் உங்கள் ரத்தத்தில் இந்தக் கிருமி இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?’’

மூன்றுக்கும் பதில் இல்லை. சட்டம் தொழிலாளி பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முதலாளி தரப்பு, ‘‘இவர் பல் பிடுங்கிய இடத்தில் வந்திருக்கலாம், பிரசவத்தில் ரத்தம் ஏற்றியபோது வந்திருக்கலாம், இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் வந்திருக்கலாம்’’ என்று அடுக்கும்போது, அதை உடைக்க ஒரு துண்டுக் காகிதமாவது வேண்டும்.

அந்தக் காகிதம் இரண்டு. ஒன்று, விபத்துப் பதிவேட்டில் அன்றைய தேதி, நேரம், இடம் போட்டு எழுதிய குறிப்பு. இரண்டாவது, ஊசி குத்திய ஓரிரு நாளுக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு. ‘அன்றைக்கு இந்த ஊழியருக்குக் கிருமி இல்லை’ என்று அது சொல்லும். 6 வாரம், 3 மாதம், 6 மாதம் கழித்து எடுக்கும் டெஸ்டில் கிருமி தெரிந்தால், அது எங்கே இருந்து வந்தது என்று யாரும் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

முதல் நாள் டெஸ்ட் எடுக்காவிட்டால் அதைப் பிறகு எடுக்க முடியாது. பணம் கொடுத்தாலும் அந்த நாள் திரும்ப வராது.

எத்தனை பேருக்கு வரும்?

பயப்பட வேண்டிய அளவு எவ்வளவு, பயப்படத் தேவையில்லாத அளவு எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. உள்ள நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி 1,000 பேருக்குக் குத்தினால் சுமார் 3 பேருக்குத் தொற்று வரும். ஹெபடைடிஸ் ‘சி’ என்றால் 100-க்கு 2 பேருக்கும் குறைவு. ஹெபடைடிஸ் ‘பி’தான் பொல்லாதது. தடுப்பூசி போடாதவருக்குக் குத்தினால், நோயாளியின் ரத்தத்தில் கிருமி அதிகம் இருக்கும் பட்சத்தில் 100-க்கு 30 பேர் வரை பாதிக்கப்படலாம்.

ஊசி குத்தியதும் எல்லாரும் முதலில் பயப்படுவது எய்ட்சுக்கு. கணக்குப்படி முதலில் பயப்பட வேண்டியது ‘பி’ கிருமிக்கு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. 3 தவணை. 0, 1, 6 மாதம். போட்டு முடித்து, உடம்பில் எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதா என்று ஒரு டெஸ்டும் பார்த்துக்கொண்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

இந்தத் தடுப்பூசியை ஊழியர் தன் காசில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. 2016-ம் ஆண்டு வந்த மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஆஸ்பத்திரி நிர்வாகம்தான் கழிவைக் கையாளும் எல்லா ஊழியர்களுக்கும் ஹெபடைடிஸ் ‘பி’ தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டுவிட வேண்டும். வேலையில் சேரும்போது ஒரு முறை, பிறகு வருஷம் ஒரு முறை உடம்பைப் பரிசோதிக்கவும் வேண்டும். குப்பைப் பையைத் தூக்கும் ஆயாவுக்கும் இது உண்டு. எத்தனை ஆயாவுக்குத் தெரியும்?

‘சி’ கிருமிக்குத் தடுப்பூசி இல்லை. முன்கூட்டித் தடுக்க மாத்திரையும் இல்லை. ஆனால் நேரத்தோடு கண்டுபிடித்தால் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டு பெரும்பாலானவர்கள் பூரண குணம் அடைகிறார்கள். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அரசு மையங்களில் இந்த மாத்திரை இலவசம். நேரத்தோடு கண்டுபிடிக்க என்ன வேண்டும்? மறுபடியும் அதே பதிவேடுதான். எழுதி வைத்தவரைத்தான் 3 மாதம் கழித்து, ‘‘வாங்க, டெஸ்ட் எடுக்கணும்’’ என்று கூப்பிடுவார்கள்.

முதல் 2 மணி நேரம்

எச்.ஐ.வி. விஷயத்தில் கடிகாரம்தான் எஜமான். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் தாண்டிவிட்டால் அதனால் பிரயோஜனம் இல்லை. தொடங்கினால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

நைட் டியூட்டியில் 2 மணிக்குக் குத்துகிறது. மேட்ரனிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் 6 மணி நேரம் போய்விட்டது. மறுநாள் ஞாயிறு. ‘‘திங்கட்கிழமை பார்க்கலாம்’’ என்றால் கெடுவின் விளிம்புக்கே வந்துவிடுகிறது. மாத்திரை இரவிலும் கிடைக்கும்படி கேஷுவாலிட்டியில் இருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மாத்திரை இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

இதை ஏதோ தர்ம காரியம் மாதிரி நினைக்க வேண்டாம். 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. அதன் 19-வது பிரிவு, ஆஸ்பத்திரி எதுவாக இருந்தாலும் அங்கு வேலை பார்க்கிறவர்களுக்குக் கையுறை போன்ற பாதுகாப்பும், பயிற்சியும், கிருமி பட்டால் தடுப்பு மாத்திரையும் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற பேதம் அதில் இல்லை.

இந்தச் சட்டம் இந்தியாவுக்கு வந்த கதையின் முதல் பக்கம் சென்னையில்தான் எழுதப்பட்டது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேகரித்து, இந்த நாட்டிலும் எச்.ஐ.வி. இருக்கிறது என்று காட்டினார்கள். மாதிரிகள் வேலூரில் பரிசோதிக்கப்பட்டன. 40 வருஷம் ஓடிவிட்டது.

குத்திய உடனே செய்ய வேண்டியதிலும் தப்பு நடக்கிறது. பலர் விரலைப் பிதுக்குகிறார்கள். சிலர் சின்னப் பிள்ளை மாதிரி வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல் என்று ஊற்றுகிறவர்களும் உண்டு. எதுவும் வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். அப்புறம் கேஷுவாலிட்டிக்குப் போக வேண்டும்.

‘‘வேலையைப் பாரும்மா!’’

இவ்வளவு வசதியும் காகிதத்தில் இருக்க, ஊழியர்கள் ஏன் வாய் திறப்பதில்லை?

முதல் காரணம் பயம். ‘எய்ட்ஸ் டெஸ்ட் எடுத்தாள்’ என்று வார்டில் பேச்சு வந்துவிடும் என்ற பயம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் கேட்கவே வேண்டாம். நர்சு வேலைக்கு வருகிறவர்களில் பெரும் பகுதி இளம் பெண்கள். ஹாஸ்டலில் தங்கி வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள்.

இரண்டாவது, திட்டு விழும் என்ற பயம். ‘‘ஏம்மா, மூடியைத் திரும்ப மாட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?’’ என்றுதான் முதல் வார்த்தை வரும். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போதுதான் பல குத்து நடக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் மாட்டாமல் என்ன செய்வது? ஊசி வெட்டும் கருவி வார்டின் கடைசியில் இருக்கிறது. கையில் டிரே. 40 நோயாளிக்கு 2 சிஸ்டர். கருவி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தால் யாரும் மூடியைத் தேட மாட்டார்கள். தப்பு செய்தது விரலா, அந்தக் கருவியை அங்கே வைத்த நிர்வாகமா என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, ‘இதெல்லாம் சகஜம்’ என்ற எண்ணம். சீனியரே அப்படித்தான் சொல்கிறார். ‘‘எனக்கு எத்தனை தடவை குத்தியிருக்கு தெரியுமா? கையைக் கழுவிட்டு வேலையைப் பாரும்மா!’’ அந்த சீனியருக்கு ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று நினைத்துக்கொள்வது ஆஸ்பத்திரியில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை.

வேலை போய்விடுமோ என்ற பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. மேலே சொன்ன 2017 சட்டம், எச்.ஐ.வி. இருக்கிறது என்ற காரணத்துக்காகப் பாகுபாடு காட்டி வேலையை விட்டு நீக்குவதைத் தடை செய்கிறது. சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி என்றால் புகாரை விசாரிக்க ஒரு அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். அந்த அதிகாரி யார் என்று கேட்டால், பாதிப் பேர் கேன்டீன் மானேஜரைக் காட்டினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

லாரி கவிழ்ந்தால் பெரிய விபத்து

இப்போது அந்த ‘இல்லை’ எங்கே இருந்து வருகிறது என்று பார்க்கலாம்.

மருத்துவக் கழிவு விதிகளில் ‘பெரிய விபத்து’ என்றால் என்ன என்று விளக்கம் இருக்கிறது. கழிவு ஏற்றிச் செல்லும் லாரி கவிழ்ந்தால் அது பெரிய விபத்து. ஏரி, ஆற்றில் கழிவு கலந்தால் அது பெரிய விபத்து. ஊசி குத்துவது? அது பெரிய விபத்தில் சேராது என்று பெயர் சொல்லியே விலக்கி வைத்திருக்கிறார்கள்.

பெரிய விபத்து என்றால் உடனே தகவல் கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். மற்ற விபத்துகளை வருஷ அறிக்கையில் சேர்த்தால் போதும். அந்த வருஷ அறிக்கை ஜூன் 30-ந் தேதிக்குள் கிண்டியில் தலைமையகம் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போக வேண்டும். இன்டர்நெட் தளத்திலும் ஆஸ்பத்திரி அதை வெளியிட வேண்டும்.

அறிக்கையில் ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை விபத்து, எத்தனை பேர் பாதிப்பு, என்ன நடவடிக்கை, உயிர் இழப்பு உண்டா? அந்தக் கட்டத்தில் ‘நில்’ என்று ஒரே வார்த்தை போடுவது வெகு சாதாரணம்.

200 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. 365 நாள். இரவும் பகலும் ஊசி. ஒரு குத்துகூட இல்லை என்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, அங்கே வேலை பார்க்கிறவர்கள் மந்திரவாதிகளாக இருக்க வேண்டும். இல்லை, யாரும் சொல்லவில்லை. கட்டத்தில் 12, 15 என்று எண் போட்டிருக்கும் ஆஸ்பத்திரியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் கணக்கைத் திருப்பிப் படிக்க வேண்டும். அங்கேதான் ஊழியர் தைரியமாக வந்து சொல்கிறார். அங்கேதான் மாத்திரை நேரத்துக்குக் கிடைத்திருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2002-ல் ஒரு மதிப்பீடு சொன்னது. உலகில் இருந்த மூன்றரைக் கோடி மருத்துவ ஊழியர்களில் வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் பேருக்கு ரத்தக் கிருமி பட்ட கூர்முனை குத்துகிறது என்றது. ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர். இந்த விகிதத்தில் பாதியை வைத்துப் பார்த்தாலும் ‘நில்’ போட இடம் இருக்காது.

அமெரிக்காவில் ஒரு நர்சு

மாசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேரன் டேலி என்ற நர்சு இருந்தார். நீண்ட அனுபவம் உள்ளவர். 1998-ல் நோயாளியிடம் ரத்தம் எடுத்து முடித்து, ஊசியைக் கழிவுப் பெட்டியில் போடும்போது விரலில் குத்திவிட்டது. கையுறை போட்டிருந்தார். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் ‘சி’ இரண்டும் தொற்றிக்கொண்டன.

நோயாளிப் பக்கத்தில் நின்று பார்க்கும் வேலையை அவர் விட வேண்டியதாயிற்று. ஆனால் வீட்டில் முடங்கவில்லை. அமெரிக்கப் பார்லிமெண்ட் வரை போய் சாட்சி சொன்னார். ‘நர்சு ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டும்’ என்ற பழைய பாட்டை மாற்றி, ‘ஊசியே குத்தாத மாதிரி செய்ய முடியும், ஏன் வாங்கித் தரவில்லை?’ என்ற கேள்வியை அவரும் அவரைப் போன்ற நர்சுகளும் எழுப்பினார்கள். 2000-ம் ஆண்டு நவம்பர் 6-ல் ஜனாதிபதி கிளிண்டன் ஊசிக் குத்து தடுப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கேரன் டேலி 2010-ல் அமெரிக்க நர்சுகள் சங்கத்தின் தலைவரானார்.

அந்தச் சட்டத்தின்படி, உபயோகித்ததும் முனை உள்ளே போய்விடும் ஊசி போன்ற பாதுகாப்பான சாதனங்களை நிர்வாகம் பரிசீலித்து வாங்க வேண்டும். எது நல்லது என்று, அதைக் கையில் பிடிக்கும் நர்சிடமே கேட்க வேண்டும். ஒவ்வொரு குத்தையும் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எந்தக் கம்பெனி ஊசி, எந்த வார்டு, எப்படி நடந்தது என்பது உட்பட. குத்துப்பட்டவர் பெயர் வெளியே தெரியக் கூடாது. பெயரை மறைத்து விஷயத்தை எழுதுவது எப்படி என்பதற்கு இதைவிட எளிய வழி கிடையாது. வார்டில் பேச்சு வரும் என்ற பயத்துக்கும் இதுவே மருந்து.

அங்கே 1991-ல் வந்த இன்னொரு விதி, ஹெபடைடிஸ் ‘பி’ தடுப்பூசியை ஊழியருக்கு நிர்வாகமே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்றது. 1983-ல் இருந்து 1995-க்குள் அந்நாட்டு மருத்துவ ஊழியர்களிடம் அந்த நோய் 95 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி வந்ததும் அதைக் கட்டாயமாகக் கொடுத்ததும் அதில் பெரும் பங்கு.

எவ்வளவு கிடைக்கும்?

பணக் கணக்குக்கு வரலாம். இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்ட ஊழியர் என்றால் நஷ்டஈடு இ.எஸ்.ஐ. மூலம்தான். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடங்கள் அதில் வரும். சம்பள வரம்பு 2017 ஜனவரி முதல் ரூ.21 ஆயிரம் என்று வைக்கப்பட்டது. வேலையில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். சாதாரண நோய்க்கு இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக் காயத்துக்கு அது இல்லை. கே.கே.நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் வைத்தியமும் உண்டு. ஆனால் அது ‘வேலைக் காயம்’ என்று ஏற்கப்பட முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கை வேண்டும்.

இ.எஸ்.ஐ.க்குள் வராத சின்ன கிளினிக், லேப் ஊழியர் என்றால் நஷ்டஈட்டை முதலாளியே கொடுக்க வேண்டும். ஒரு உதாரணம். வயது 30. மாதச் சம்பளம் ரூ.12 ஆயிரம். இனி எந்த வேலையும் செய்ய முடியாது என்ற நிலை. சம்பளத்தில் 60 சதவீதம் ரூ.7,200. முப்பது வயதுக்கு அட்டவணையில் போட்டிருக்கும் எண் 207.98. இரண்டையும் பெருக்கினால் ரூ.14 லட்சத்து 97 ஆயிரத்து 456.

உயிர் போனால் 60-க்குப் பதில் 50 சதவீதக் கணக்கு. ரூ.12 லட்சத்து 47 ஆயிரத்து 880 குடும்பத்துக்குப் போகும். கல்லீரல் கெட்டு, சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போய்விட்டது என்று டாக்டர் சான்று கொடுத்தால், முழுத் தொகையில் 30 சதவீதம், அதாவது சுமார் ரூ.4 லட்சத்து 49 ஆயிரம்.

லேப் பெண்ணுக்கு இது சின்னத் தொகை அல்ல. 3 வருஷச் சம்பளம். இது கைக்கு வருவதும் வராததும் பதிவேட்டின் ஒரு வரியில் இருக்கிறது.

யாருடைய ஆள்?

நர்சுக்காவது சங்கம் இருக்கிறது, படிப்பு இருக்கிறது. குப்பைப் பையைத் தூக்குகிறவருக்கு?

வெள்ளை நிறத்தில், உள்ளே இருப்பது தெரிகிற, குத்தினாலும் ஓட்டை விழாத டப்பாவில்தான் ஊசியைப் போட வேண்டும் என்பது விதி. அவசரத்தில் யாரோ அதை மஞ்சள் பையில் போட்டுவிடுகிறார்கள். பையைத் தூக்கித் தோளில் போடும்போது தொடையில் குத்துகிறது. எந்த நோயாளியின் ஊசி என்று கண்டுபிடிக்கவே முடியாது. நர்சுக்குக் குத்தினால் ‘அந்தக் கட்டில் நோயாளிக்கு என்ன நோய்?’ என்று பார்க்கலாம். இவருக்கு அதுவும் இல்லை.

இவர் ஆஸ்பத்திரி ஆளும் இல்லை, கான்டிராக்டர் ஆள். ஆஸ்பத்திரியில் சொன்னால், ‘‘உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லுங்க’’ என்கிறார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னால், ‘‘லீவு வேணும்னா நேரா கேளு’’ என்கிறார். சட்டம் இதை எதிர்பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. கான்டிராக்டர் மூலம் வேலை வாங்கினாலும், வேலை நடக்கும் இடத்தின் முதலாளி நஷ்டஈட்டுப் பொறுப்பில் இருந்து நழுவ முடியாது. முதலில் அவர் கொடுத்துவிட்டு, பிறகு கான்டிராக்டரிடம் வசூல் செய்துகொள்ளலாம்.

ஆனால் இந்த அம்மா அங்கேதான் வேலை பார்த்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? பலரிடம் ஒரு அடையாள அட்டைகூட இருப்பதில்லை. 2025 நவம்பரில் வந்த தொகுப்புகளில் ஒன்று, தொழில் பாதுகாப்பு பற்றியது. அதன்படி வேலைக்கு வைக்கும் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி. கேட்டு வாங்க வேண்டிய முதல் காகிதம் அது.

நர்சிங் மாணவிகளின் நிலை இன்னும் மோசம். வார்டில் ஊசி போடுவது பாதி அவர்கள்தான். சம்பளம் இல்லாததால் அவர்கள் ‘ஊழியர்’ ஆவதில்லை. நஷ்டஈட்டுக் கதவு அவர்களுக்குச் சுலபத்தில் திறக்காது. தடுப்பு மாத்திரை மட்டும், அங்கே வேலை செய்கிற எவருக்கும் உண்டு என்ற 2017 சட்டத்தின் வரியைக் காட்டி கேட்கலாம். முதல் வருஷம் கல்லூரியில் சேரும்போதே ஹெபடைடிஸ் ‘பி’ ஊசி 3 தவணையும் போட்டு, அதன் பிறகே வார்டுக்கு அனுப்பும் கல்லூரிகள் இருக்கின்றன. மகளைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பீஸ் எவ்வளவு, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறார்கள். இந்த ஊசியைப் பற்றியும், குத்தினால் இரவு 2 மணிக்கு மாத்திரை யாரிடம் இருக்கும் என்பதைப் பற்றியும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.